திங்கட்கிழமைக்குள் ஒரு மொழி

முதலாளி சேவுகமூர்த்தி சொல்லிவிட்டார்:
பாங்காக்கில் ஒருவர் மாலைக்குக் கேட்கிறார்,
இஸ்தான்புல்லில் ஒருவர் அத்தருக்குக் கேட்கிறார்.
"ரெண்டுல ஒரு பாஷையப் படிச்சுக்கம்மா.
கணக்கெழுதுற கைக்கு அதென்ன பெரிய வேலை.
திங்கக்கிழம எதுன்னு சொல்லு."

ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு
விடியாத பஸ்ஸில் இருபது நிமிடம்.
போகும்போது தாய், திரும்பும்போது துருக்கி
என்று பிரித்துக்கொண்டேன்.
இடது காது எனக்குப் பிறந்ததிலிருந்தே கேட்காது.
ஹெட்செட்டின் ஒரு முனை சும்மா தொங்கும்.
பக்கத்து சீட்டுப் பெண் அதை எடுத்துச் செருகிப் பார்ப்பாள்,
பாட்டில்லை என்று திருப்பித் தருவாள்.

"தாய் மொழி படிக்கிறேன்" என்றதும்
எடை போடும் சோணைமுத்து சிரித்தான்:
"அப்ப இத்தன நாளாப் பேசுனது சித்தி மொழியாக்கா?"
வேடிக்கை என்னவென்றால்
அம்மாவை அன்னெ என்பவன் துருக்கிக்காரன்.

துருக்கி நம் அடுப்படி போலத்தான்.
இருட்டில் கை நீட்டினாலும் உப்பு கிடைக்கும்.
வினை கடைசியில் வரும், அவசரமே இல்லை.
எவ் என்றால் வீடு.
எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள்.
எவ்லெரிமிஸ்தென், எங்கள் வீடுகளிலிருந்து
என்று முடிப்பதற்குள் ஹைகோர்ட் ஸ்டாப் போய்விடுகிறது.
ஒரு சரத்தில் ஓரினப் பூதான் என்று பிடிவாதம்:
முதலில் வந்த உயிருக்கு இணங்கித்தான் அடுத்த உயிரும் வரவேண்டும்.
கதம்பம் கட்ட விடமாட்டான்.
ரோஜாவைச் சொல்ல
உதடு ஊ என்று குவிய
நாக்கு உள்ளே ஈ என்று நிற்கவேண்டும்.
சில்லறை தர வந்த கண்டக்டர் தள்ளிப்போனார்.

தாய்க்கு இலக்கணமே இல்லையோ என்று தோன்றும்.
நேற்றும் நாளையும் வினையைத் தொடுவதில்லை.
எழுத்தில் நம் கொம்பு போலவே
முன்னால் வந்து நின்றுகொள்கிறது ஒரு குறி.
வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி விடாத
நெருக்கக் கட்டு.
மல்லிக்கு மலி என்கிறார்கள்.
முதலாளி பதறினார்: "மலிவுன்னு காதுல விழுந்துறப் போவுது."

ஆனால் மா.
சமமாகச் சொன்னால் வா.
உயர்த்தினால் குதிரை.
அடியிலிருந்து ஏற்றினால் நாய்.
என் ஒற்றைக் காதில் மூன்றும்
ஒரே தொழுவத்தில் நின்றன.

சனிக்கிழமை முகூர்த்த நாள்.
கிலோ மூவாயிரத்தைத் தாண்டியது.
கேட்டவர்களுக்கெல்லாம் சோணைமுத்து சொன்னது "ம்" ஒன்றுதான்.
தராசுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
எழுதிக்கொண்டே இருந்தேன்:
இந்த ம் சரி. இந்த ம் கட்டாது.
இந்த ம் கடன்.
இந்த ம் போய்யா அங்கிட்டு.
பத்தொன்பது வருஷமாக
ஒரு காதால் கேட்டு எழுதியதில்
ஒரு ரூபாய் பிசகியதில்லை.
பேனாவை மூடிவிட்டு
மா என்றேன். மறுபடி, கொஞ்சம் ஏற்றி, மா.
"யக்கா, கன்னுக்குட்டியத் தேடுறியா?"

இருந்தும் மனசு துருக்கியிடம்தான்.
காரணம் ஒரு வால்.
கண்ணால் கண்டதற்குக் கெல்தி, வந்தார்.
காதில் விழுந்ததற்குக் கெல்மிஷ், வந்தாராம்.
அந்த ஆம் இல்லாமல் இங்கே ஒரு பொழுது ஓடுமா?
வாடிப்பட்டியில் மழையாம், விலை ஏறுமாம்,
அவருக்குக் கடன் கழுத்துவரையாம்.
அப்படியொரு வால் வைத்திருப்பவனை
அன்னியன் என்று எப்படிச் சொல்வது?

திங்கள் காலை, நான் வாய் திறக்குமுன்
முதலாளி சொன்னார்:
"துருக்கிக்காரரு வேற ஊர்ல வாங்கிட்டாராம்."
யார் சொன்னது என்று கேட்கவில்லை.
அல்மிஷ் என்றேன் உள்ளுக்குள்.
பிழையில்லாமல் வந்தது.

பத்தரைக்கு பாங்காக்கிலிருந்து போன் வருமாம்.
பத்து இருபதுக்கே அடிக்கிறது.
ரிசீவரை எடுத்து நீட்டுகிறார், இடப்பக்கமாக.
வாங்கி
வலது காதுக்கு மாற்றுகிறேன்.